மூன்று நிமிடத்துக்குள் என் ஆராய்ச்சி

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-இல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டியின் விதிகளைத்தான் எங்கள் துறையிலும் வைத்திருந்தார்கள்: அசையாத ஒரே ஒரு ஸ்லைடு, நேரம் தாண்டினால் தகுதி நீக்கம். என் தலைப்பு, தர்மபுரி நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடைப் புளியம்பழ ஓட்டுக் கரியால் நீக்குவது. ஒத்திகையில் எப்படிப் பேசினாலும் நாலு நிமிடத்தைத் தாண்டியது. வேகமாகப் பேசினால் மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

அப்புறம் பேச்சைப் போனில் பதிவு செய்து, எந்தப் பகுதி எவ்வளவு நேரம் தின்கிறது என்று குறித்தேன். கரி தயாரிக்கும் முறையே பாதியை விழுங்கியிருந்தது! எந்த வெப்பத்தில் சுட்டேன், எத்தனை மணி நேரம் கலக்கினேன் என்பதெல்லாம் யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே வாக்கியமாக்கினேன்.

ஸ்லைடில் இருந்த வரைபடங்களைத் தூக்கிவிட்டு, பழுப்புக் கறை படிந்த பற்களின் படத்தை மட்டும் வைத்தேன். “குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, தாண்டினால் பல் இப்படித்தான் ஆகும்” என்று தொடங்கியதால் வேறு முன்னுரையே தேவைப்படவில்லை.

மனப்பாடம் செய்தது கடைசி வாக்கியத்தை மட்டும்தான். நேரம் நெருங்கினால் எங்கிருந்தும் அதற்குத் தாவிவிடலாம். மேடையில் அதற்கு அவசியம் வரவில்லை, பத்து நொடி மிச்சம் வைத்தே முடித்தேன்.