பிக்சர் டியூபை முதலில் ஒழுங்காக உட்கார வையுங்கள்

போன மாதம் அக்கா மகன் சிங்கப்பூர் தோ பாயோவிலிருந்து 21 அங்குலப் பழைய கலர் டிவி ஒன்றை டாக்சியில் ஏற்றிக்கொண்டு வந்தான். பழைய வீடியோ கேம் ஆட, கண்ணாடிப் பிக்சர் டியூப் உள்ள டிவிதான் வேண்டுமாம். 2019 ஜனவரியில் இங்கே அனலாக் ஒளிபரப்பு நின்றபோது எல்லாரும் தூக்கிப் போட்ட பெட்டிகளை இப்போது தேடி அலைகிறார்கள்.

"சின்னம்மா, படம் சாஞ்சிருக்கு. யோக்கைத் திருப்பிப் பார்த்துட்டேன். கோடு நேரானா ஓரத்துல கலர் பிரியுது" என்றான். யோக் என்பது டியூபின் கழுத்தில் மாட்டியிருக்கும், படத்தைத் திரை முழுக்க விரிக்கும் கம்பிச் சுருள்.

டியூப் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தாயா என்று கேட்டேன். பார்க்கவில்லை. முக்கால்வாசிப் பேர் செய்யும் தவறு இதுதான். 1982இலிருந்து 11 ஆண்டு ஜூரோங்கில் ஒரு டிவி தொழிற்சாலையில் கேபினட்டுக்குள் டியூபை இறக்குவதுதான் என் வேலை. சாய்ந்த படம் என்று திரும்பி வந்த பெட்டிகளில் நாங்கள் முதலில் பார்த்தது நான்கு மூலைத் திருகுகளைத்தான்.

திறக்கும் முன் ஒரு விஷயம். கலர் டியூபின் ஆனோடில், அதாவது ரப்பர் தொப்பி மூடியிருக்கும் உயர் மின்னழுத்தப் பொத்தானில், 25,000 வோல்ட் வரை இருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது கண்ணாடிக்குள் தங்கியிருக்கும். டியூபின் முதுகில் கறுப்புப் பூச்சைத் தொட்டபடி ஒரு பின்னல் கம்பி ஓடுகிறது பாருங்கள், அதுதான் எர்த். கிளிப் ஒயரின் ஒரு முனையை அதில் மாட்டுங்கள், மறுமுனையை நல்ல பிளாஸ்டிக் பிடி உள்ள தட்டை ஸ்க்ரூ டிரைவரில் மாட்டுங்கள். டிரைவரை ஒரு கையால் மட்டும் பிடித்து ரப்பர் தொப்பிக்கு அடியில் நுழைத்துத் தொடுங்கள். 'டிக்' என்று கேட்கும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் தொடுங்கள், ஏனென்றால் மின்சாரம் கொஞ்சம் திரும்பி ஊறும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

கேபினட்டைக் கம்பளியின் மேல் முகம் குப்புற வையுங்கள். பழைய டியூபை எடுக்கும் முன் ஆனோட் பொத்தான் எந்தப் பக்கம், எந்த ஒயர் எங்கே என்று கைப்பேசியில் நாலைந்து படம் எடுத்துவிடுங்கள். டியூபைத் தூக்கும்போது முகக் கண்ணாடியின் இரு ஓரங்களைப் பிடிக்க வேண்டும். கழுத்தைப் பிடிக்கவே கூடாது. என் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, அவசரத்தில் கழுத்தைப் பிடித்துத் தூக்கினாள். சின்னதாக ஒரு முறிவு, அப்புறம் 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம். அவ்வளவுதான், டியூப் போய்விட்டது. யாருக்கும் காயமில்லை, ஆனால் அவள் அன்று முழுக்க அழுதாள். 29 அங்குல டியூப் என்றால் இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும்.

டியூபை மாஸ்க்குக்குள், அதாவது திரையைச் சுற்றியிருக்கும் முன்பக்கச் சட்டத்துக்குள், இறக்கியதும் திருகை எடுக்காதீர்கள். கீழே டியூபைத் தாங்கும் இரண்டு பிளாஸ்டிக் திட்டுகளிலும் அது படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டியூபின் மூலைகளில் துருத்தி நிற்கும் நான்கு காதுகளிலும் வாஷரோடு திருகுகளை விரலால் மட்டும் முடுக்குங்கள். இப்போது டியூபுக்கும் மாஸ்க்குக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சுற்றிலும் பாருங்கள். தொழிற்சாலையில் இதற்கென்று தகடு வைத்திருந்தோம். வீட்டில் பழைய ஈசி-லிங்க் பயண அட்டை போதும். எல்லாப் பக்கமும் ஒரே அளவு இறுக்கத்தோடு நுழைந்தால் சரி. மேல் இடது, கீழ் வலது, மேல் வலது, கீழ் இடது என்று குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரு மூலையை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் டியூப் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும், பிளாஸ்டிக் தூணும் விரிசல் விடும்.

அக்கா மகன் பெட்டியில் அட்டை இடது பக்கம் நுழைந்தது, வலது கீழ் மூலையில் நுழையவே இல்லை. பிரித்துப் பார்த்தால் அந்தப் பக்கத் திட்டு உடைந்து, டியூப் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. டியூப் சாய்ந்தால் படமும் கூடவே சாயும். அதை யோக்கால் திருத்தினால் கோடு நேராகும், ஆனால் கழுத்துக்குள் இருக்கும் எலக்ட்ரான் துப்பாக்கிகளை விட்டு யோக் விலகுவதால் ஓரங்களில் நிறம் பிரிந்துவிடும். கெட்டியான பிளாஸ்டிக் துண்டு ஒன்றை எப்பாக்ஸி பசையால் ஒட்டித் திட்டை உயர்த்தினோம். காகித அட்டை வைத்து உயர்த்துகிறவர்கள் உண்டு. நம் ஊர் ஈரக்காற்றில் அது ஊறி அமுங்கிவிடும், வேண்டாம்.

டிகாஸ் காயிலை, அதாவது டியூபில் ஏறிய காந்தத்தை நீக்கும் கம்பிச் சுருளை, பழைய கொக்கிகளிலேயே மாட்டுங்கள். எர்த் பின்னல் கறுப்புப் பூச்சில் அழுந்தி நிற்க வேண்டும்; அதன் ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

அடுத்து யோக். அது டியூபோடு பசை வைத்து வந்திருந்தால் தொடாதீர்கள். ஏற்கெனவே திருப்பியிருந்தால் பழைய பசைத் தடத்துக்கே கொண்டுவாருங்கள். மின்சாரத்தை அணைத்து, ஒரு மயிரளவு நகர்த்தி, மறுபடி போட்டுப் பாருங்கள். நேரமாகும், பரவாயில்லை. கேம் பெட்டியிலிருந்து கட்டம் போட்ட படத்தைக் கொடுத்து, நடுக் கோட்டை மாஸ்க்கின் கீழ் விளிம்போடு ஒப்பிடுங்கள்.

திரையில் திட்டுத் திட்டாக வேறு நிறம் தெரிந்தால் முதலில் பெட்டியைக் கிழக்கு அல்லது மேற்குப் பார்க்க வைத்து, அரை மணி நேரம் ஓடவிட்டு, அணைத்து ஆறவிட்டுப் போடுங்கள். போடும்போது டிகாஸ் காயில் தானே வேலை செய்யும். பூமியின் காந்தம் ஊருக்கு ஊர் மாறும். நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரி வடக்கே இருக்கும் நமக்குச் சரியாக இருப்பது ஐரோப்பாவுக்குச் சரிவராது. அங்கே போகும் பெட்டிகளைக் கம்பிச் சுருள் கூண்டுக்குள் வைத்து, அந்த ஊர்க் காந்தத்தை உண்டாக்கித்தான் நாங்கள் சரிசெய்வோம். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியின் மூலையில் நிறம் மாறியிருந்தால் டியூப் கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

அதற்கும் சரிவராவிட்டால் கழுத்தில் இருக்கும் காந்த வளையங்கள்தான் பாக்கி. பெட்டி ஓடும்போதே திருப்ப வேண்டிய வேலை அது. வீட்டு மின்சாரத்திலிருந்து பெட்டியைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமலும் செய்து பழகியவர் பக்கத்தில் இல்லாமலும் இறங்காதீர்கள். அக்கா மகனுக்கு அது தேவைப்படவில்லை. யோக்கைத் தடத்துக்குக் கொண்டுவந்து பெட்டியைப் போட்டதும் கட்டத்தின் கீழ்க்கோடு மாஸ்க் ஓரத்தோடு ஒட்டி ஓடியது, ஓரங்களிலும் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.