லோன் கேட்பதற்கு முன் உங்கள் போன் நம்பரையும் முகவரியையும் ஒருமுறை பாருங்கள்

என் மச்சான் டூவீலர் லோன் கேட்டிருந்தான். சிபில் ஸ்கோர் (பழைய கடன்களை எவ்வளவு ஒழுங்காகக் கட்டினோம் என்பதற்குப் போடும் மதிப்பெண்) 780, பழைய பாக்கி எதுவும் கிடையாது, சம்பளமும் மாதாமாதம் ஒழுங்காக வருகிறது. ஆனாலும் நாலாம் நாள் ‘ரிஜெக்ட்’ என்று மெசேஜ் வந்துவிட்டது. தெரிந்தவர் மூலம் விசாரித்தால், வெரிஃபிகேஷனுக்கு வந்த பையன் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிவிட்டானாம். படிவத்தில் எழுதியது பழைய கதவு எண், வாசலில் இருப்பது புதிய எண். அந்தப் பையன் இரண்டு முறை போன் செய்திருக்கிறான், இவன் ஏதோ விளம்பரம் என்று எடுக்கவில்லை.

இதில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். போன் நம்பரோ முகவரியோ உங்கள் ஸ்கோரை ஏற்றுவதும் இல்லை, இறக்குவதும் இல்லை. ஆனால் கடன் கொடுப்பவர் ஸ்கோரை மட்டும் பார்ப்பதில்லை, இந்த ஆள் உண்மையில் இவர்தானா, நாளைக்குத் தவணை நின்றால் எங்கே போய்ப் பிடிப்பது என்றும் பார்க்கிறார். அங்கேதான் இந்த விவரங்கள் வேலையைக் காட்டும்.

1. ரிப்போர்ட்டை எடுத்து, ஸ்கோரைத் தாண்டிப் படியுங்கள்

நம் கடன் விவரங்களைச் சேர்த்து வைத்து ரிப்போர்ட்டும் ஸ்கோரும் போடுவது சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நாலு நிறுவனங்கள். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் (ஆர்பிஐ) விதி. நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது, பயப்பட வேண்டாம்.

எல்லோரும் அந்த மூன்று இலக்க எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நீங்கள் கீழே இறங்கி, தொடர்பு விவரங்கள் இருக்கும் பகுதிக்குப் போங்கள். நீங்கள் இதுவரை கடனுக்குக் கொடுத்த முகவரிகள், போன் நம்பர்கள், மின்னஞ்சல்கள் அங்கே இருக்கும். பேச்சிலராகத் தங்கியிருந்த மேன்ஷன் முகவரி இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம், அதில் ஆபத்தில்லை. ஆனால் கால் வைத்தே பார்க்காத ஊரின் முகவரி இருந்தால் நில்லுங்கள். ஒன்று, அதே பெயருள்ள இன்னொருவரின் கணக்கு உங்களுடையதோடு கலந்திருக்கிறது. இல்லை, உங்கள் பெயரில் வேறு யாரோ கடன் கேட்டிருக்கிறார்கள். அதே ரிப்போர்ட்டில் எந்தெந்த நிறுவனம் உங்களைப் பற்றி விசாரித்தது என்ற பட்டியலும் இருக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நமக்கு இன்னொரு தொல்லை இனிஷியல். ஒரு இடத்தில் ‘எஸ். குமார்’, இன்னொரு இடத்தில் ‘குமார் சுப்பிரமணியன்’, பான் கார்டில் வேறு மாதிரி. மனிதருக்கு எல்லாம் ஒரே ஆள்தான், கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். பெயரே இப்படி ஆடும்போது முகவரியும் பிறந்த தேதியும் போன் நம்பரும்தான் ‘இவர்தான் அவர்’ என்று காட்டிக்கொடுக்கும். அவையும் பொருந்தவில்லை என்றால் சிக்கல்தான்.

2. போன் நம்பர்

ஆதாரில் உள்ளது, சம்பளக் கணக்கில் உள்ளது, படிவத்தில் எழுதப்போவது, மூன்றும் ஒரே நம்பராக இருக்கட்டும். ஆதாரில் எது இருக்கிறது என்று மைஆதார் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். போன வாரம் வாங்கிய புது சிம்மை எழுதாதீர்கள், மோசடிக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்பதால் புது நம்பர் என்றாலே ஒரு சந்தேகப் பார்வை உண்டு. 2025 மே மாதத்திலிருந்து தொலைத்தொடர்புத் துறையே சந்தேகத்துக்குரிய நம்பர்களை அபாய அளவு வாரியாகப் பிரித்து வங்கிகளுக்குத் தெரிவிக்கிறது. உங்கள் பெயரில் யாராவது சிம் வாங்கி வைத்திருக்கிறார்களா என்று அதே துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஒரு நடை பார்த்துவிடுங்கள்.

3. முகவரி

எனக்குத் தெரிந்து அதிகம் சொதப்புவது இங்கேதான். ஆதாரில் ‘வடக்குத் தெரு’, பாஸ்புக்கில் ‘நார்த் ஸ்ட்ரீட்’, கேஸ் பில்லில் தெருவே இல்லாமல் ஊர் பெயர் மட்டும். ஏதாவது ஒரு வடிவத்தை முடிவு செய்து எல்லா இடத்திலும் அப்படியே எழுதுங்கள். சென்னையில் இருந்தால் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள். பின்கோடைச் சரிபாருங்கள். அடையாளத்துக்கு ஒரு கோயிலோ ரேஷன் கடையோ சொல்லிவிட்டால் வருகிற பையனுக்குப் புண்ணியம். வாடகை வீட்டுக்காரர்கள் ஒப்பந்தத்தில் இருக்கும் முகவரியும் இதுவும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சில பகுதிகளை ‘நெகட்டிவ் ஏரியா’ என்று கடன் தராமல் ஒதுக்கி வைப்பது இந்தத் தொழிலில் உண்டு. ஒழுங்காகக் கட்டுகிறவனையும் தெருப் பெயரைப் பார்த்துத் தள்ளுவது அநியாயம் என்பதுதான் என் கருத்து. அதற்காகப் பொய் முகவரி கொடுக்காதீர்கள், அது மோசடியாகிவிடும். உங்கள் சம்பளம் வருகிற வங்கியில் கேட்டுப் பாருங்கள், உங்கள் வரவுசெலவு அவர்கள் கண்ணெதிரே இருக்கிறது. மறுத்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அப்படிச் சொல்ல வேண்டும் என்று ஆர்பிஐ வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

4. மின்னஞ்சல்

ஜெர்மனியில் ஆன்லைனில் பர்னிச்சர் விற்கும் ஒரு கடையின் வாடிக்கையாளர்களை வைத்து 2018இல் ஒரு ஆய்வு வந்தது. மின்னஞ்சலில் சொந்தப் பெயர் வைத்திருந்தவர்கள் பணம் கட்டாமல் விட்டது, மற்றவர்களைவிடச் சுமார் 30 சதவீதம் குறைவு. நம் ஊர் வங்கி இதைப் பார்க்கிறது என்று சொல்லவரவில்லை, ஆனாலும் காலேஜில் ஆரம்பித்த அந்த ‘ராக்ஸ்டார்’ ஐடியை லோன் படிவத்தில் போட வேண்டுமா என்ன?

5. ரெஃபரன்ஸ்

உங்களைத் தெரிந்தவர்கள் என்று படிவத்தில் பெயர் கொடுக்கும் இரண்டு பேரிடமும் முன்பே சொல்லிவையுங்கள். சொல்லாமல் விட்டால் ‘யாருங்க அது?’ என்று கேட்டுவிடுவார்கள்.

கடன் ஆப் ஏதாவது உங்கள் போனில் உள்ள கான்டாக்ட் லிஸ்ட் முழுவதையும் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள். 2022 செப்டம்பரிலேயே ஆர்பிஐ அதற்குத் தடை போட்டுவிட்டது. மீறிக் கேட்கிற ஆப்பை அப்போதே அழித்துவிடலாம்.

6. தப்பு இருந்தால்

எந்த நிறுவனத்தின் ரிப்போர்ட்டில் தப்பு இருக்கிறதோ, அதன் தளத்திலேயே புகார் பதியலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். முகவரி மாறியிருந்தால் ஏற்கெனவே கடனோ கிரெடிட் கார்டோ கொடுத்திருக்கும் வங்கியிலும் போய் மாற்றுங்கள், ரிப்போர்ட்டுக்கு விவரம் அங்கிருந்துதான் போகிறது. ஆகவே இதையெல்லாம் லோன் கேட்பதற்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

மச்சான் அவசரப்பட்டு மறுநாளே வேறு மூன்று இடத்தில் அப்ளை பண்ணப் போனான், பிடித்து நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்டில் ஒரு விசாரணையாகப் பதிவாகும், அடுத்தடுத்து விழுந்தால் ஸ்கோரே இறங்கும். முதலில் கதவு எண்ணைச் சரிசெய்தான், அப்புறம்தான் வண்டி.