இணையத்தில் டிரெஸ் வாட்ச் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழுக்கைச் சட்டைக்கும் கோட்டுக்கும் பொருத்தமாக ஒரு கைக்கடிகாரம் வேண்டும் என்று இணையத்தில் தேடத் தொடங்குபவர் முதலில் பார்ப்பது படத்தை. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் அளவுகளையும் பொருள் விவரங்களையும் பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை. நேரில் வாங்கும்போது எடையைக் கையில் உணர்கிறோம், மணிக்கட்டில் வைத்துப் பார்க்கிறோம், சட்டைக்கையை இழுத்து மூடிப் பார்க்கிறோம். இணையத்தில் இந்தச் சோதனைகளையெல்லாம் அந்த எண்களைக் கொண்டுதான் செய்தாக வேண்டும். விலை குறைந்த கடிகாரங்களில் இது இன்னும் முக்கியமாகிறது, ஏனென்றால் தயாரிப்பாளர் எந்த இடத்தில் செலவைக் குறைத்தார் என்பதைப் படம் காட்டாது. விவரக்குறிப்பைக் கவனமாகப் படித்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

நான் கண்ட தவறுகளில் முதன்மையானது அளவைப் பற்றியது. 36 மி.மீ. விட்டமுள்ள கடிகாரமும் 44 மி.மீ. விட்டமுள்ள கடிகாரமும் திரையில் ஒரே அளவில்தான் தோன்றும். முதன்முறை நான் வாங்கியது 42 மி.மீ. விட்டம் கொண்ட ஒன்று. படத்தில் மெல்லியதாகத் தெரிந்த அது, சட்டைக்கையின் பொத்தானைப் போட்டபின் உள்ளே நுழையவே இல்லை. டிரெஸ் வாட்ச் என்பது சட்டைக்கைக்குள் மறைந்திருந்து, கையை நீட்டும்போது மட்டும் வெளியே தெரிய வேண்டிய பொருள். ஆகவே விட்டத்தோடு தடிமனையும் பார்க்க வேண்டும். 7 முதல் 9 மி.மீ. வரை இருந்தால் மிக நல்லது, 10 மி.மீ. வரை ஏற்கலாம், 12 மி.மீ.-ஐத் தாண்டினால் அது டிரெஸ் வாட்ச் என்ற பெயரில் விற்கப்படும் வேறொரு கடிகாரம் என்பதே என் கருத்து.

விட்டத்தைவிடவும் முக்கியமான, ஆனால் விற்பனைப் பக்கங்களில் அடிக்கடி விடுபட்டுப்போகும் அளவு ஒன்று இருக்கிறது. பட்டையைப் பிடித்திருக்கும் கொம்பு போன்ற பகுதிகளை லக் என்பார்கள். மேல் லக்கின் நுனியிலிருந்து கீழ் லக்கின் நுனிவரை உள்ள நீளமே ஒரு கடிகாரம் கையில் எப்படி உட்காரும் என்பதைத் தீர்மானிக்கிறது. மணிக்கட்டின் மேற்புறத்தில் அளவுகோலைக் குறுக்காக வைத்து, தட்டையாக இருக்கும் பகுதியின் அகலத்தை அளந்து கொள்ளுங்கள். அது 50 மி.மீ. என்றால், லக் நீளம் 46 அல்லது 47 மி.மீ.-க்குள் இருக்கும் கடிகாரம் அழகாகப் பொருந்தும். 50-ஐ எட்டினாலோ தாண்டினாலோ நுனிகள் கையின் ஓரத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். விட்டமும் லக் நீளமும் தெரிந்தவுடன் அதே அளவில் ஒரு தாளை வெட்டி மணிக்கட்டின்மேல் வைத்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலைதான். பொருளைத் திருப்பி அனுப்பும் அலைச்சலை அது மிச்சப்படுத்தும். விளிம்பு வளையம் மெல்லியதாக இருந்து டயல் அகன்றிருந்தால், கடிகாரம் அதன் எண்ணைவிடப் பெரிதாகத் தோன்றும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பெரும்பாலான ஆண்களின் கைகளுக்கு 36 முதல் 39 மி.மீ. வரையிலான விட்டம் போதும்.

தடிமனைப் பற்றிப் பேசும்போது உள்ளே இருக்கும் இயந்திரத்தை விட்டுவிட முடியாது. கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் என்றாலே உயர்ந்தது, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் தாழ்ந்தது என்ற எண்ணத்தோடு, குறைந்த விலையில் ஆட்டோமேட்டிக் டிரெஸ் வாட்ச் தேடுவது மிகவும் பரவலான தவறு. இந்த விலைப்பிரிவில் அதிகம் காணப்படும் சீக்கோவின் என்எச்35 இயந்திரம் நம்பகமானதுதான். ஆனால் அதன் தடிமன் மட்டுமே 5.32 மி.மீ. அதன்மேல் டயல், முட்கள், கண்ணாடி, அடியில் பின்மூடி எல்லாம் சேர்ந்தால் கடிகாரம் 11 மி.மீ. அளவுக்கு வந்துவிடுகிறது. மியோட்டா 9015 போன்ற 3.9 மி.மீ. இயந்திரங்கள் மெலிந்த கடிகாரத்துக்கு ஏற்றவை என்றாலும், அவை பொருத்தப்பட்ட கடிகாரங்களின் விலை ஒரு படி மேலே இருக்கும்.

துல்லியத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது; சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்துக்கு 15 அல்லது 20 நொடிகளுக்குள்தான் முன்பின்னாக ஓடும். என்எச்35-க்குத் தயாரிப்பாளர் குறிப்பிடும் வரம்பு நாளொன்றுக்கு 20 நொடி தாமதம் முதல் 40 நொடி வேகம் வரை. அந்த வரம்புக்குள் ஓடும் கடிகாரத்தைப் பழுது என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. கழற்றி வைத்தால் ஏறக்குறைய 41 மணி நேரத்தில் நின்றுவிடும் என்பதால், வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே அணிபவர் ஒவ்வொரு முறையும் சாவி கொடுத்து, நேரத்தையும் தேதியையும் திருத்தியாக வேண்டும். முட்களின் ஓட்டத்திலும் சக்கரங்களின் இயக்கத்திலும் மனம் லயிப்பவருக்கு அது ஒரு மகிழ்ச்சி. அதை நான் மனமாரப் புரிந்துகொள்கிறேன். திருமணத்துக்கும் நேர்முகத் தேர்வுக்கும் எடுத்து அணிய ஒரு கடிகாரம் வேண்டும் என்பவருக்கு மெலிந்த குவார்ட்ஸ் கடிகாரமே சரியான தேர்வு. ஒரே எச்சரிக்கை, தீர்ந்துபோன பேட்டரியை உள்ளேயே விட்டுவைக்கக் கூடாது; அது கசிந்தால் இயந்திரம் கெட்டுவிடும்.

டயலில் எதையாவது கூடுதலாகக் காட்டி ஈர்ப்பதும் மலிவான கடிகாரங்களில் வழக்கம். பார்வைக்கு மூன்று சிறு வட்டங்கள் இருக்கும். அவற்றின் முட்கள் அசையவே அசையாது, வெறும் அச்சாகக்கூட இருக்கலாம். சூரியனும் நிலவும் வரையப்பட்ட சிறு சாளரத்தை, நிலவின் வளர்பிறை தேய்பிறையைக் காட்டும் மூன்பேஸ் என்று சொல்லி விற்பார்கள். உண்மையான மூன்பேஸ் தட்டில் இரண்டு நிலவுகள் இருக்கும், அது ஒரு முழுச் சுற்றுச் சுற்ற 59 நாட்கள் ஆகும். மலிவான கடிகாரத்தில் இருப்பதோ 24 மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பகலா இரவா என்று மட்டும் சொல்லும் தட்டு. இவை எதுவும் இல்லாமல் இரண்டு அல்லது மூன்று முட்களும், வேண்டுமென்றால் தேதியும் மட்டும் கொண்ட டயலைத் தேர்ந்தெடுத்தால், செலவழித்த பணம் முட்களின் நேர்த்தியிலும் எழுத்தின் தெளிவிலும் போய்ச் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இனி சொற்கள். விவரக்குறிப்பில் எந்தச் சொல் எதைப் பற்றியது என்று நின்று படிக்காதவர்களே இங்கு அதிகம் ஏமாறுகிறார்கள். பின்மூடியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக் என்று பொறித்திருந்தால், அந்த மூடி மட்டுமே துருப்பிடிக்காத எஃகால் ஆனது என்று பொருள். கடிகாரத்தின் உடல் பெரும்பாலும் முலாம் பூசிய கலப்பு உலோகமாக இருக்கும். அலாய் கேஸ் என்று எழுதியிருந்தாலும் அதே கதைதான். வியர்வை படப்பட, முதலில் லக் நுனிகளில் முலாம் உரிந்து அடி உலோகம் தெரியத் தொடங்கும், அதன்பின் அதைச் சரிசெய்ய வழியில்லை. உடல் முழுவதும் 316எல் எனும் துருப்பிடிக்காத எஃகு என்று தெளிவாகக் குறிப்பிட்டிருக்கும் கடிகாரத்தையே வாங்குங்கள். தங்க நிறத்தின்மீது ஆசை இருந்தாலும், முதல் கடிகாரம் எஃகின் இயல்பான வெள்ளி நிறத்திலேயே இருக்கட்டும்.

ஜப்பான் மூவ்மென்ட் என்பது உள்ளிருக்கும் இயந்திரத்தை மட்டும் குறிக்கும்; கடிகாரம் ஜப்பானில் உருவானது என்று அது சொல்லவில்லை. சுவிஸ் மூவ்மென்ட் என்பதும் சுவிஸ் மேட் என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைப் பொறிக்க வேண்டுமானால் இயந்திரம் சுவிஸ் நாட்டுடையதாக இருப்பதோடு, அதை உடலுக்குள் பொருத்துவதும் இறுதிச் சோதனையும் அங்கேயே நடக்க வேண்டும். 2017 முதல் உற்பத்திச் செலவில் குறைந்தது 60 விழுக்காடு அந்நாட்டில் ஆகியிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு.

கண்ணாடியிலும் இதே விளையாட்டு. சஃபையர் என்பது செயற்கையாக உருவாக்கப்படும் கடினமான நீலக்கல் படிகம். சஃபையர் கோட்டட் என்பது சாதாரண மினரல் கண்ணாடியின்மேல் பூசப்பட்ட ஒரு பூச்சு மட்டுமே. எண் கூடக்கூடக் கடினமும் கூடும் மோஸ் கடினத்தன்மை அளவில் சஃபையர் 9. நாம் அன்றாடம் உரசும் மண் துகள்களில் இருக்கும் குவார்ட்ஸ் 7. மினரல் கண்ணாடி அதற்கும் கீழே. அதனால்தான் மினரல் கண்ணாடியில் கீறல் விழுகிறது, சஃபையரில் எளிதில் விழுவதில்லை. ஆனால் எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு இல்லாத சஃபையர், மினரலைவிட அதிகமாக ஒளியைத் திருப்பி அடிக்கும். ஆகவே அந்தப் பூச்சு உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

30 மீட்டர் நீர்த்தாங்கும் திறன் என்று எழுதியிருப்பது ஆழத்தைக் குறிப்பதல்ல, ஆய்வகத்தில் அசையாத நிலையில் தாங்கிய அழுத்தத்தைக் குறிப்பது. கை கழுவும்போது தெறிக்கும் நீர், லேசான தூறல், அவ்வளவுதான்.

பட்டையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், ஏனெனில் இந்த விலையில் கூட வரும் பட்டை பெரும்பாலும் நல்லதாக இருக்காது. ஜெனுயின் லெதர் என்ற முத்திரை, அது தோல் என்பதைத் தவிர அதன் தரத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. லக்குகளுக்கு இடையிலான அகலம் 18 அல்லது 20 மி.மீ. ஆக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அந்த அளவுகளில் எங்கும் பட்டை கிடைக்கும். 19, 21 போன்ற ஒற்றைப்படை அளவுகளில் தேர்வு குறைவு. அந்த நிறுவனத்துக்கே உரிய வெட்டுடன் கூடிய பட்டை என்றால், அது தேய்ந்த நாளில் கடிகாரமும் மேசை இழுப்பறைக்குப் போக நேரிடலாம். பட்ஜெட்டில் ஒரு சிறு பகுதியை நல்ல பட்டைக்கென்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

விற்பவரை மறந்து பொருளை மட்டும் பார்ப்பதும் தவறுதான். ஒரே இணையதளத்தில் ஒரே மாடலைப் பல விற்பனையாளர்கள் விற்கலாம். உத்தரவாதம் அவர்களில் யாரிடம் வாங்கினாலும் செல்லும் என்று எண்ணக் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் பட்டியல் பெரும்பாலும் தயாரிப்பாளரின் தளத்திலேயே இருக்கும். அடித்துக் காட்டப்பட்ட பழைய விலையை நம்பி, எண்பது விழுக்காடு தள்ளுபடி என்று மகிழ்வதற்கு முன், அதே மாடல் வேறு மூன்று இடங்களில் என்ன விலைக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரப் பாராட்டுகளைவிட, வாங்கி ஆறு மாதம் கழித்து எழுதப்பட்டவையும், வாங்கியவர் தம் கையில் அணிந்து எடுத்த படங்களும் பல மடங்கு பயனுள்ளவை.

பொட்டலம் வந்ததும் பாதுகாப்புத் தாளை உரித்து, பட்டையை வளைத்து மாட்டிக்கொள்ளும் ஆவலைச் சற்று அடக்க வேண்டும். தோல் பட்டையில் மடிப்புத் தழும்பு விழுந்துவிட்டால் திருப்பி எடுக்க மறுப்பார்கள். பிரிக்கும்போதே காணொளி எடுத்து வையுங்கள். நொடி முள் குறிகளின்மேல் சரியாக நிற்கிறதா, பன்னிரண்டு மணிக்கு மணி முள்ளும் நிமிட முள்ளும் ஒன்றன்மேல் ஒன்று வருகின்றனவா, டயலில் தூசி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். திருப்பி அனுப்பும் காலக்கெடுவுக்குள் குறைந்தது மூன்று நாட்கள் ஓடவிட்டு, தேதி நள்ளிரவை ஒட்டி மாறுகிறதா என்றும் கவனியுங்கள். இந்தச் சோதனையின்போது இரவு 9 மணி முதல் அதிகாலை 3 மணி வரை முட்கள் காட்டும் நேரத்தில் தேதியை விரைவாக மாற்றும் நிலையில் திருக வேண்டாம். அப்போது தேதிச் சக்கரத்தின் பற்கள் இணைந்திருக்கும் என்பதால் அவை உடையக்கூடும். முட்களை 6 மணிக்குக் கொண்டுவந்துவிட்டு அதன்பின் தேதியைத் திருத்துங்கள்.