வீட்டுக் கொட்டகையில் ஒரு சாப்பர்: கழுத்திலிருந்து தொடங்குங்கள்

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் 19 வருடமாக வெல்டர் வேலை பார்க்கிறேன். வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த மாட்டுக் கொட்டகையில், ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் வைத்துக்கொண்டு, 14 மாதத்தில் ஒரு சாப்பர், அதாவது முன்சக்கரம் முன்னால் தள்ளி நீண்டு நிற்கும் மோட்டார் சைக்கிள், கட்டி முடித்தேன். எஞ்சின் பழைய புல்லட் 350. முன்பக்கம் அதே ராயல் என்ஃபீல்டு கம்பெனியின் ஹிமாலயனுடையது. நடுவில் இருக்கும் ஃபிரேம் முழுக்க நானே வெட்டி, சேர்த்து, வெல்டு வைத்தது.

பார்க்க வருகிறவர்கள் டேங்க்கைத் தடவிப் பார்த்து, பெயின்ட் எங்கே அடித்தீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். பெயின்ட் இரண்டு நாள் வேலை. எனக்கு ஐந்து மாதம் எடுத்தது கழுத்து. ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் இரண்டு கால்கள்) சுழல்வதற்கு ஃபிரேமின் முன்னால் இருக்கிற அந்த ஒரு சாண் குழாயைத்தான் கழுத்து என்கிறேன். அதை எந்தச் சாய்வில், எந்த உயரத்தில் வைக்கிறோம் என்பதில்தான் வண்டி நேராக ஓடுமா, நம்மைக் கீழே தள்ளுமா என்பது இருக்கிறது. நீங்களும் கட்டப் போகிறீர்கள் என்றால் உங்கள் பொறுமையில் பாதியை அதற்கென்று எடுத்து வையுங்கள்.

அதற்கு முன் ஒரு விஷயத்தை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றி ரோட்டில் ஓட்டக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதனால் என் சாப்பர் மாமாவின் தென்னந்தோப்புக்குள் இருக்கும் தனிப் பாதையில் மட்டும்தான் ஓடுகிறது. நான் செய்ததையே நீங்களும் செய்யுங்கள்: ஆர்.சி. சரியாக இருக்கும் முழு வண்டியாக வாங்கி, எஞ்சினைக் கழற்றிக்கொண்டு, பழைய ஃபிரேமில் கை வைக்காமல் விட்டுவிடுங்கள். சேஸிஸ் எண் அடித்திருப்பது அதில்தான். என்னுடையது எண்ணெய் பூசிக் கொட்டகை உத்தரத்தில் தொங்குகிறது. நாளைக்கே எஞ்சினைத் திரும்ப அதில் மாட்டினால் பழைய புல்லட் ரோட்டுக்கு வந்துவிடும்.

எஞ்சின், முன்பக்கம்

சாப்பர் என்பதே வெட்டுவதிலிருந்து வந்த பெயர். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க இளைஞர்கள் கனமான வண்டிகளில் வேண்டாததையெல்லாம் கழற்றி எறிந்தார்கள். அப்புறம் கலிஃபோர்னியாப் பக்கம் ஃபிரேமையே வெட்டி, கழுத்தைச் சாய்த்து, ஃபோர்க்கை நீட்டினார்கள். அங்கே பெரிய இரட்டை சிலிண்டர் எஞ்சின். நமக்குக் கைக்கு எட்டுவது புல்லட்.

பழைய வார்ப்பிரும்பு புல்லட் எஞ்சின் 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சிசி. அதில் எனக்குப் பிடித்தது கியர்பாக்ஸ் தனியாக இருந்தாலும் எஞ்சினின் முதுகிலேயே போல்ட்டில் இறுகி உட்காருவது. இரண்டையும் ஒரே கட்டியாகத் தூக்கி ஜிக்கில் (ஃபிரேம் கட்டும்போது பாகங்களை அசையாமல் நிறுத்தும் மேடை) வைக்கலாம். நடுவில் இருக்கும் பிரைமரி செயின் நேராக ஓடுமா என்று நாம் கவலைப்பட வேண்டியதில்லை. கம்பெனி ஃபிரேமில் எஞ்சினுக்கு அடியில் குழாய் கிடையாது. எஞ்சினே ஃபிரேமின் ஒரு பாகமாக நின்று பாரம் தாங்குகிறது. நான் எஞ்சினுக்கு அடியில் இரண்டு குழாய்களை ஓடவிட்டுத் தொட்டில் போலக் கட்டினேன். வீட்டில் கட்டுகிறவர்களுக்கு இதுதான் பாதுகாப்பு. ஓர் எஞ்சின் போல்ட் தளர்ந்தாலும் ஃபிரேம் நிற்கும்.

ஹிமாலயன் 411-இன் முன்பக்கத்தைப் பழைய சாமான் கடையில் முழு செட்டாக வாங்கினேன். 41 மி.மீ. ஃபோர்க், 21 இஞ்ச் சக்கரம், 300 மி.மீ. டிஸ்க். சாப்பருக்கு ஒல்லியான பெரிய முன்சக்கரம் வேண்டும், அது இதில் தானாக அமைந்துவிட்டது. டிஸ்க் பிரேக்கும் கூடவே வருகிறது. முன் பிரேக்கே வேண்டாம் என்று விட்டுவிடுகிற சாப்பர்களையும் பார்த்திருக்கிறேன். என் பையன் ஏறி உட்காரும் வண்டியில் அதற்கு இடமில்லை.

கழுத்து

இரண்டு சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள். ரேக் என்பது கழுத்து செங்குத்திலிருந்து எத்தனை டிகிரி பின்னால் சாய்ந்திருக்கிறது என்பது. டிரெயில் என்பது கழுத்தின் நடுக்கோட்டைத் தரைவரை நீட்டினால் அது தொடும் இடத்துக்கும், டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் இடையில் உள்ள தூரம். டயர் தொடும் இடம் பின்னால் இருக்க வேண்டும். தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம் எப்படிப் பின்னால் இழுபட்டுக்கொண்டு தானாக நேராகிறதோ, அதே கணக்கு.

சாதாரண ரோட்டு வண்டிகளில் டிரெயில் 90-லிருந்து 110 மி.மீ.க்குள் இருக்கும். சாப்பருக்கு 100-லிருந்து 130 வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போகப் போக நேர்ப்பாதையில் நன்றாகப் போகும், ஆனால் மெதுவாகத் திருப்பும்போது ஹேண்டில் ஒரு பக்கமாகத் தொப்பென்று விழும். ரொம்பக் குறைந்தால் வேகத்தில் தலையாட்டும். இரண்டாவதுதான் ஆளைக் கொல்லும்.

கணக்கு இதுதான். சக்கரத்தின் ஆரத்தை ரேக் கோணத்தின் டேன் மதிப்பால் பெருக்குங்கள். கழுத்தின் நடுக்கோட்டிலிருந்து ஆக்ஸில் எவ்வளவு முன்னால் தள்ளி நிற்கிறதோ, அந்தத் தூரத்தை அதே கோணத்தின் காஸ் மதிப்பால் வகுங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் டிரெயில். 90/90-21 டயருக்கு ஆரம் 348 மி.மீ. எனக்கு முதலில் 45 டிகிரிதான் ஆசை. ஆக்ஸில் 60 மி.மீ. முன்தள்ளி இருந்தால் டிரெயில் 263 வருகிறது. கணக்குப் போடாமலே நான் கழுத்தை அந்தச் சாய்வில் டேக் வைத்து (அங்கங்கே பொட்டுப் பொட்டாக மட்டும் வெல்டு வைத்து), சக்கரத்தை மாட்டி, லேத் பட்டறை அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஹேண்டிலைப் பிடித்து லேசாகத் திருப்பினார். அது அவர் கையைப் பிடுங்கிக்கொண்டு போய் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"தம்பி, பாக்குறதுக்கு நல்லாத்தான் இருக்குங்க. ஆனா இதுல ஏறி உக்காந்து நீங்கதான போகோணும்?"

"எத்தனை டிகிரில வெக்கலாங்கண்ணா?"

"அதை நான் சொல்லக் கூடாது. அளந்துட்டு வாங்க."

அன்றைக்குத்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 34 டிகிரி ரேக்கில், அதே 60 மி.மீ.க்கு 162. ஆக்ஸிலை 90 மி.மீ. முன்தள்ளினால் 126. அதற்காக ஃபோர்க் கால்களைப் பிடிக்கும் மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் அந்த அண்ணனிடமே இ.என்.8 இரும்பில் புதிதாகக் கடைந்து வாங்கினேன். ஸ்டெம் (கழுத்துக்குள் சுழலும் தண்டு) ஹிமாலயனுடையதே, கோன் செட்டும் (அந்தத் தண்டின் பேரிங்) அதுவே. கழுத்துக் குழாயை அந்த பேரிங் அளவுக்குக் கடைந்தார்.

கணக்கை நம்புங்கள், ஆனால் தரையிலும் அளந்து பாருங்கள். என் அப்பா கொத்தனார். அவருடைய பித்தளைத் தூக்குக்குண்டு என்னிடம் இருக்கிறது. கழுத்துக்குள் மேலும் கீழும் புஷ் போட்டு, ஒரு நேரான 16 மி.மீ. ராடைச் செருகி, அதன் முனை தரையைத் தொடும்வரை இறக்கினேன். தொட்ட இடத்தில் சாக்பீஸில் ஒரு புள்ளி. முன் ஆக்ஸிலின் நடுவிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்து, கூர்முனைக்கு நேர் கீழே இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவே 128. கணக்கில் வந்தது 126. போதும்.

இப்படி அளக்கும்போது வண்டி நிஜமாக நிற்கப்போகும் உயரத்தில் இருக்க வேண்டும். ஆள் உட்கார்ந்தால் ஃபோர்க் அமுங்கும் அளவையும் கழித்துக்கொள்ளுங்கள். ஃபோர்க் நீளம் கூடினால் மூக்கு தூக்கி, ரேக்கும் டிரெயிலும் தாமாகவே கூடிவிடும்.

ஜிக், குழாய், வெல்டிங்

எட்டடி நீளத்தில் இரண்டு நாலு இஞ்ச் சி சேனலை இணைத்து ஜிக் செய்தேன். தரையில் வைத்து, அடியில் தகடு கொடுத்து ஸ்பிரிட் லெவலில் மட்டம் பார்த்து, நடுவில் நீளவாக்கில் ஒரு கோடு கீறிவிடுங்கள். இனி எல்லா அளவும் அந்தக் கோட்டிலிருந்துதான். முதலில் பின் ஆக்ஸில், அப்புறம் எஞ்சின், கடைசியாகக் கழுத்து. மூன்றையும் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு நடுவில் குழாய் போடுவதுதான் ஃபிரேம். என் அளவுகள்: எஞ்சினின் அடிப்பாகம் தரையிலிருந்து 150 மி.மீ., இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவே 1,590 மி.மீ. கம்பெனி புல்லட்டில் அது 1,370.

குழாய் தையலில்லாத சி.டி.எஸ்., ஒன்றேகால் இஞ்ச் விட்டம், 3 மி.மீ. கனம். கேட் செய்யும் குழாயை வாங்காதீர்கள். வளைக்கும் வேலையைக் குழாய்க்குள் மாண்ட்ரல் (நசுங்காமல் உள்ளிருந்து தாங்கும் குண்டு) விட்டு வளைக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். மணல் நிரப்பிக் காய்ச்சி வளைப்பது பழைய முறை. செய்தால் மணலை முதலில் வறுத்து எடுக்க வேண்டும். ஈர மணல் உள்ளே ஆவியாகி முனையைத் தெறிக்கவிடும். குழாயும் குழாயும் சேரும் இடத்தில் முனையைப் பிறை போல அரைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு மி.மீ.க்கு மேல் சந்து தெரிந்தால் இன்னொரு துண்டு வெட்டுங்கள். சந்தை வெல்டால் நிரப்பினால் அங்கேதான் பின்னால் விரிசல் வரும்.

வெல்டிங் ஆர்கான் வாயு மிஷினில் செய்தால் நல்லது. கோ2 மிஷினில் நன்றாகக் கை பழகியவர்கள் அதிலும் செய்யலாம். இரண்டும் வராது என்றால் டேக் வரைக்கும் நீங்கள் வைத்து, முழு வெல்டுக்குத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் ஃபிரேமில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். கழுத்தின் இடது பக்கத்தை ஒரே மூச்சில் சுற்றி வெல்டு வைத்துவிட்டேன். கை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த மனமில்லை. ஆறியபின் பின் ஆக்ஸிலிலிருந்து நூல் பிடித்தேன். கழுத்தின் அடிமுனை இடது பக்கமாக 4 மி.மீ. இழுத்துக்கொண்டிருந்தது. பஸ் பாடியில் 4 மி.மீ. என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இங்கே முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு கோட்டில் ஓடும். சுத்தியால் தட்டி நேராக்கவில்லை. கழுத்தை வெட்டி எடுத்து, இரண்டு குழாய்களையும் புதிதாகப் போட்டேன். ஆறு ஞாயிறு போனது.

இரண்டாவது தடவை, எல்லா மூட்டுகளிலும் நாலு டேக் வைத்து முழு ஃபிரேமையும் நிறுத்தி அளந்த பிறகுதான் வெல்டில் கை வைத்தேன். ஒரு இஞ்ச் வெல்டு, நேர் எதிர்ப்பக்கம் ஒரு இஞ்ச், அப்புறம் கழுத்தை விட்டுப் பின்பக்கம் போய் ஒரு இஞ்ச். கையை வைத்தால் சூடு பொறுக்கும் அளவுக்கு ஆறின பிறகே மறுபடி அதே மூட்டுக்கு வர வேண்டும். தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது. பேரிங் உட்காரும் இடம் சூட்டில் முட்டை வடிவமாகிவிடும் என்பதால் கழுத்துக்குள் அலுமினியத்தில் கடைந்த குண்டை இறுக்கமாக வைத்துவிட்டுத்தான் வெல்டு செய்தேன். கழுத்துக்குக் கீழே மேல்குழாயும் முன்குழாயும் பிரியும் மூலையில் 4 மி.மீ. தகட்டை முக்கோணமாக வெட்டி முட்டுக் கொடுங்கள்.

மற்றவை

பின்பக்கம் ஷாக் கிடையாது. சீட்டுக்கு அடியில் இரண்டு ஸ்பிரிங், அவ்வளவுதான். பின்சக்கரம் புல்லட் ஹப்பையே 18 இஞ்ச் ரிம்மில் கோர்த்தது, டயர் 120/90. இதைவிட அகலமான டயருக்கு ஆசைப்பட்டால் செயின் உரசும். டயருக்கும் செயினுக்கும் நடுவே குறைந்தது 10 மி.மீ. விடுங்கள்.

டேங்க் 1.2 மி.மீ. சி.ஆர்.சி. ஷீட்டில் நானே தட்டியது, எட்டு லிட்டர். பெட்ரோல் இருந்த பழைய டேங்க்கை வெல்டு செய்ய எடுக்காதீர்கள். காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி இருக்கும், வெடிக்கும். ஒழுகல் பார்க்க சோப்பு நுரை தடவி சைக்கிள் பம்பில் லேசாகக் காற்று கொடுத்தால் போதும். கம்ப்ரஸரை வைத்தால் டேங்க் பலூன் போல உப்பிவிடும்.

வயரிங்கில் அம்மீட்டரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பிளாட்டினம் (ஸ்பார்க்குக்கான காண்டாக்ட் பாயின்ட்) வைத்த எஞ்சினில் கிக்கரை மெதுவாக அமுக்கி, முள் நடுவுக்கு வரும் இடம் பார்த்து, டிகம்ப்ரஸரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட்டு உதைத்தால்தான் கிக்கர் திருப்பி அடிக்காமல் கால் தப்பும்.

முதல் ஓட்டம் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே இருக்கட்டும். தோப்புக்குள் முதலில் தள்ளிக்கொண்டு நடந்தேன், அப்புறம் நடை வேகம், அப்புறம் 20, 40. ஒவ்வொரு தடவையும் இறங்கி எல்லா போல்ட்டையும் தொட்டுப் பார்த்தேன். 50 கிலோமீட்டர் ஆனதும் எல்லா மூட்டுகளையும் துடைத்து டிபி டெஸ்ட் செய்தேன். சிவப்புச் சாயம் தெளித்து, பத்து நிமிடம் விட்டுத் துடைத்துவிட்டு, வெள்ளை தெளிக்க வேண்டும். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்பாகக் கசியும். கழுத்து சுத்தமாக இருந்தது. சைடு ஸ்டாண்ட் தகட்டின் ஓரத்தில் மட்டும் நகம் நீளத்துக்கு ஒரு கோடு. அதை அரைத்து எடுத்து, தகட்டைப் பெரிதாக வெட்டி வைத்து, இன்னொரு 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி தெளித்தேன். கோடு வரவில்லை. அடுத்த ஞாயிறுதான் பிரைமர் அடித்தேன்.