கொஞ்சம் குறைச்சுக்க முடியுமா?

எங்கள் விடுதியில் ஒன்பது அறைகள்தான். யார் கேட்டாலும் முன்பெல்லாம் வாடகையைக் குறைத்துவிடுவேன். ஒருநாள் காலை வரவேற்பறையில் இரண்டு விருந்தினர்கள் பேசிக்கொண்டதில் குட்டு வெளிப்பட்டது: ஒரே மாதிரி அறை, வேறு வேறு வாடகை. முழுதாகக் கொடுத்தவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அன்று இரவே கணக்குப் போட்டேன். சலவை, மின்சாரம், துப்புரவு, முன்பதிவுத் தளத்தின் கமிஷன் என்று ஆள் தங்குவதால் ஆகும் செலவுக்குக் கீழே போனால், அறையைப் பூட்டி வைப்பதே மேல். 100க்கு 30 மிஞ்சும் இடத்தில் 10 குறைத்தால், லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு காலி.

இப்போது மூன்று இரவு தங்கினாலோ நேரடியாகப் பதிவு செய்தாலோ (கமிஷன் மிச்சம்) தள்ளுபடி உண்டு. சும்மா கேட்பவருக்கு, மறுநாள் கூட்டம் இல்லையென்றால், வாடகையைக் குறைப்பதற்குப் பதில், அறையை இரண்டு மணி நேரம் தாமதமாகக் காலி செய்ய அனுமதி தருகிறேன். பெரும்பாலும் சரி என்றுவிடுகிறார்கள்.