ஆப்பிரிக்கா கிளம்புகிறீர்களா? மஞ்சள் அட்டை வாங்குவது முதல் விமான நிலையத்தில் காட்டுவது வரை

நைரோபிக்கோ கம்பாலாவுக்கோ வேலைக்குப் போகிறவர்கள் விசாவையும் டிக்கெட்டையும் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துத் தயார் செய்கிறார்கள். கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசி மட்டும் கடைசி வாரத்தில்தான் நினைவுக்கு வருகிறது. அப்போது ஊசி போட்டாலும், போட்டதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டை உடனே உதவாது. போட்ட நாளிலிருந்து 10 நாள் கழித்தே அது செல்லுபடியாகும். கோவிட் காலத்தில் வந்த சான்றிதழ்கள் எல்லாம் வந்த வேகத்தில் போய்விட்டன. இந்த அட்டை இன்றும் சட்டப்படி கேட்கப்படுகிறது, அதிலும் நம் நாடு மிகக் கறாராகக் கேட்கிறது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக் குழுவோ, பள்ளி ஆசிரியரோ, கப்பல் வேலைக்காரரோ, சுற்றுலா போகிறவரோ, யாராக இருந்தாலும் வழிமுறை ஒன்றுதான்.

படி 1: உங்களுக்கு அட்டை தேவையா?

மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் போகும் நாடு கேட்கிறதா? நடுவில் விமானம் மாறும் நாட்டால் சிக்கல் உண்டா? திரும்பி வரும்போது இந்தியா கேட்குமா?

பெரும்பாலோர் முதல் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள். உகாண்டா, கானா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, அங்கோலா போன்றவை எங்கிருந்து வந்தாலும் அட்டை கேட்கும் நாடுகள். கென்யா அப்படி இல்லை. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து வருகிறவர்களிடம் மட்டும் கேட்கும். சென்னையிலிருந்து துபாய் வழியாக நைரோபி போனால் அங்கே உங்களிடம் அட்டை கேட்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் கென்யாவே மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு. ஆகவே திரும்பிச் சென்னையில் இறங்கும்போது இந்தியா கேட்கும். பிரேசில், பெரு போகிறவர்களுக்கும் இதே கதைதான்.

தென்னாப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனாலும் நைரோபி அல்லது அடிஸ் அபாபாவில் விமானம் மாறி, அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து ஜோகன்னஸ்பர்க் போனால் அங்கே அட்டை கேட்பார்கள். கென்யாவில் சஃபாரி முடித்துவிட்டு சான்சிபார் தீவுக்குப் போகிறவர்களிடம் தான்சானியா கேட்கும். மலிவான டிக்கெட் என்று பார்த்து வழியை மாற்றும்போதெல்லாம் இந்த மூன்று கேள்விகளையும் மறுபடி கேளுங்கள்.

படி 2: நாளை எண்ணுங்கள்

ஜூன் 1 அன்று ஊசி போட்டால் அட்டை ஜூன் 11 முதல் செல்லும். ஊசி போட்டு ஏறக்குறைய பத்து நாளில்தான் பெரும்பாலோர் உடம்பில் போதுமான எதிர்ப்புச் சக்தி உருவாகிறது. அதனால்தான் இந்தக் கணக்கு, இதில் சலுகை கிடையாது.

பயணத்துக்கு 10 நாள் முன்பு போட்டால் போதும் என்று கணக்குப் போடாதீர்கள். மையங்கள் தினமும், வருகிற எல்லோருக்கும் போடுவதில்லை. இந்த மருந்து உலர் பொடியாக வருகிறது. ஒரு குப்பியில் பல பேருக்கான அளவு இருக்கும். கரைசலில் கலக்கிவிட்டால் 6 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டியதுதான். ஆகவே நாள் குறித்து, இத்தனை பேர் என்று வைத்துத்தான் போடுவார்கள். சில சமயம் மருந்தே கையிருப்பில் இருக்காது. பயணத்துக்கு ஐந்தாறு வாரம் முன்பே இந்த வேலையைத் தொடங்குவது நல்லது.

படி 3: சரியான மையத்துக்குப் போங்கள்

மத்திய சுகாதார அமைச்சகம் அங்கீகரித்த மையம் தருகிற அட்டைதான் செல்லும். தமிழ்நாட்டில் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், சென்னை ராஜாஜி சாலையில் உள்ள துறைமுக சுகாதார அலுவலகம், தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகம் ஆகிய மூன்றிலும் போடுகிறார்கள். ஏஜென்டு ஒருவர் "பக்கத்துக் கிளினிக்கிலேயே போட்டு அட்டை வாங்கித் தருகிறேன்" என்று சொன்னால் நம்பாதீர்கள். ஊசியே போடாமல் அட்டை மட்டும் விற்பவர்களும் உண்டு. அந்த அட்டை பிடிபட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள். பிடிபடாமல் போனால் இன்னும் மோசம், குணப்படுத்த மருந்தே இல்லாத இந்த நோய்க்கு நடுவில் பாதுகாப்பில்லாமல் போய் நிற்பீர்கள்.

அப்பாயின்ட்மென்ட் எப்படி, எந்தக் கிழமை, கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் மையத்துக்கு மையம் மாறும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் போனில் உறுதி செய்துகொண்டு பஸ் ஏறுங்கள்.

படி 4: ஊசி உங்களுக்கு ஆகுமா?

இது உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமியால் ஆன தடுப்பூசி. கோழி முட்டைக் கருவில் வளர்த்துத் தயாரிப்பது. ஆகவே கீழே உள்ளவற்றில் எது பொருந்தினாலும் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்:

- முட்டை சாப்பிட்டால் கடுமையான ஒவ்வாமை
- புற்றுநோய் சிகிச்சை, உறுப்பு மாற்று, நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை, எச்.ஐ.வி., தைமஸ் சுரப்பிக் கோளாறு
- கர்ப்பம், அல்லது கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பது
- 60 வயதைத் தாண்டி முதல் முறையாக இந்த ஊசி போடுவது
- 9 மாதம் நிரம்பாத குழந்தை
- கடந்த நான்கு வாரத்துக்குள் அம்மை போன்ற வேறு உயிருள்ள தடுப்பூசி போட்டது

கடைசியாகச் சொன்னது பலருக்குத் தெரியாது. இரண்டு உயிருள்ள ஊசிகளை ஒரே நாளில் போடலாம். இல்லையென்றால் நான்கு வாரம் இடைவெளி வேண்டும்.

ஊசி ஆகாது என்று டாக்டர் முடிவு செய்தால், காரணத்தைக் குறிப்பிட்டு ஆங்கிலத்தில் விலக்குக் கடிதம் தருவார். அதை அதிகாரிகள் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்த நாட்டுக்கும் இல்லை. கிளம்பும் முன்பே அந்த நாட்டுத் தூதரகத்தில் கேளுங்கள். திரும்பும்போது இங்கே தனிமைப்படுத்த வாய்ப்பு உண்டு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஊசி போடும் நாள்

அசல் பாஸ்போர்ட் கட்டாயம். அதன் முதல், கடைசிப் பக்க ஜெராக்ஸ் இரண்டு செட், மருத்துவச் சீட்டுகள், நீலம் அல்லது கறுப்புப் பேனா. வெறும் வயிற்றோடு போகாதீர்கள். மேல்கையில் தோலுக்கு அடியில் 0.5 மில்லி போடுவார்கள். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள், கடும் ஒவ்வாமை வருவதானால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும். சில நாள் கழித்து லேசான காய்ச்சல், உடம்பு வலி வரலாம். கண் மஞ்சளாவது, விடாத காய்ச்சல், மூச்சுத் திணறல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், இந்த ஊசி போட்ட விவரத்தையும் சொல்லுங்கள். நான்கு வாரத்துக்கு ரத்த தானம் வேண்டாம்.

படி 6: மையத்தை விட்டு வெளியே வரும் முன் அட்டையைப் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். விமான நிலையத்தில் யாரும் உங்கள் ரத்தத்தைச் சோதிக்கப் போவதில்லை. அட்டையில் எழுதியிருப்பதைத்தான் பார்ப்பார்கள். மையத்தில் கூட்டம் அதிகம், கையால் எழுதுகிறார்கள், பிழை வரும். அங்கேயே கண்டுபிடித்தால் இரண்டு நிமிட வேலை. கவுன்டரில் கண்டுபிடித்தால் பயணமே போகும்.

பெயரில் தொடங்குங்கள். நம் ஊரில் சிக்கல் இனிஷியலில்தான் வரும். ஆதாரில் "கே. முருகன்" என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் "முருகன் கருப்பசாமி" என்று விரிந்திருக்கும். அட்டையில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். அடுத்து பிறந்த தேதி, பாலினம், குடியுரிமை, பாஸ்போர்ட் எண். எண்ணை ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பாருங்கள்.

பிறகு ஊசி விவரம். போட்ட தேதியில் மாதம் ஆங்கில எழுத்தில் இருப்பது நல்லது. 05/06 என்று எண்ணில் எழுதினால் மே மாதமா ஜூன் மாதமா என்று வேறு நாட்டு அதிகாரி குழம்புவார், உங்கள் 10 நாள் கணக்கு அங்கே சிக்கிக்கொள்ளும். தயாரித்த நிறுவனத்தின் பெயரும் பேட்ச் எண்ணும் இருக்க வேண்டும். டாக்டர் கையெழுத்து, மையத்தின் சீல் இரண்டும் வேண்டும். சர்வதேச சுகாதார ஒழுங்குமுறைப்படி கையெழுத்துக்குப் பதிலாக சீல் மட்டும் இருந்தால் செல்லாது. உங்கள் கையெழுத்துக்கான இடமும் காலியாக இருக்கக் கூடாது. குழந்தைக்குப் பெற்றோர் போட வேண்டும். குடும்பமாகப் போனால் ஆளுக்கு ஓர் அட்டை.

'எதுவரை செல்லும்' என்ற இடத்தில் ஊசி போட்டவரின் ஆயுள் வரை என்று இருக்க வேண்டும். 2016 ஜூலை 11 முதல் இந்த அட்டைக்கு வாழ்நாள் முழுக்க மதிப்பு உண்டு. அதற்கு முன்பு வாங்கி, 10 ஆண்டு என்று எழுதப்பட்ட பழைய அட்டைகளுக்கும் இது பொருந்தும், மறுபடி ஊசி போட வேண்டியதில்லை. ஆனால் பழைய தேதியை நீங்களே பேனாவால் அடித்து எழுதிவிடாதீர்கள். அடித்தல் திருத்தல் இருந்தாலே அட்டையைச் செல்லாது என்று சொல்ல அதிகாரிக்கு உரிமை உண்டு. பாஸ்போர்ட் புதுப்பித்து எண் மாறியிருந்தாலும் கை வைக்காதீர்கள். பழைய பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் கொண்டுபோங்கள், அல்லது ஊசி போட்ட மையத்தில் கேளுங்கள்.

லேமினேஷன் வேண்டாம். பின்னால் வேறு தடுப்பூசியை அதே அட்டையில் பதிய முடியாமல் போகும். பிளாஸ்டிக் உறை போதும்.

படி 7: கிளம்பும் நாள்

முதல் சோதனை விமான நிறுவன கவுன்டரில். எந்த நாட்டுக்கு, எந்த வழியாகப் போனால் என்ன ஆவணம் வேண்டும் என்பதை டைமாட்டிக் என்ற தகவல் தொகுப்பில் பார்த்துத்தான் போர்டிங் பாஸ் தருகிறார்கள். ஆவணம் இல்லாதவரை ஏற்றிப் போனால் திருப்பிக் கொண்டுவரும் செலவும் அபராதமும் நிறுவனத்தின் தலையில் விழும். அதனால் ஊழியரிடம் மன்றாடிப் பயனில்லை. அட்டையைப் பாஸ்போர்ட்டோடு கைப்பையில் வையுங்கள். செக்-இன் பெட்டிக்குள் போய்விட்டால், அந்தப் பக்கம் இறங்கியதும் பெட்டி வருவதற்கு முன்பே சுகாதார கவுன்டர் வந்துவிடும்.

படி 8: திரும்பி வரும் நாள்

சென்னையில் இமிகிரேஷனுக்கு முன்பே விமான நிலைய சுகாதார அலுவலகத்தின் கவுன்டர் இருக்கும். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டை விட்டு 6 நாளுக்குள் வந்து இறங்கினால் அட்டை காட்ட வேண்டும். இல்லையென்றால், அந்த நாட்டை விட்டுப் புறப்பட்டதிலிருந்து 6 நாள் முடியும் வரை தனிமைப்படுத்தலாம். உதாரணமாக, 3ஆம் தேதி உகாண்டாவிலிருந்து கிளம்பி, துபாயில் தங்கி, 6ஆம் தேதி சென்னை வந்தால் 9ஆம் தேதி வரை வைத்திருப்பார்கள். ஊசி போட்டு 10 நாள் ஆகாதவருக்கும் இதேதான். அட்டை செல்லுபடியாகும் நாள், 6 நாள் முடியும் நாள், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அன்று விடுவார்கள்.

"எனக்குக் காய்ச்சலே இல்லையே" என்ற வாதம் எடுபடாது. கிருமி உடம்பில் புகுந்து 3 முதல் 6 நாள் கழித்துத்தான் காய்ச்சல் தெரியும். டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் இதையும் பரப்புகிறது. அந்தக் கொசு நம் தெருவெல்லாம் இருக்கிறது, நம் மக்களுக்கோ இந்த ஊசி போடப்படவில்லை. 2016இல் அங்கோலாவில் நோய் பரவியபோது, அங்கிருந்து ஊர் திரும்பியவர்கள் மூலம் சீனாவில் 11 பேருக்கு நோய் கண்டறியப்பட்டது. ஆசியாவில் இதுவரை வேர் பிடிக்காத நோயை உள்ளே விடக்கூடாது என்பதற்குத்தான் இத்தனை கெடுபிடி. அது நியாயமானது.

மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டில் விமானம் மட்டும் மாறி, விமான நிலையத்தை விட்டு வெளியே போகாமல் இருந்தவருக்கு விலக்கு தர சுகாதார அதிகாரியால் முடியும். அதை நிரூபிக்க இரண்டு போர்டிங் பாஸையும் பத்திரமாக வைத்திருங்கள்.

அட்டை தொலைந்தால்

வாங்கிய அன்றே எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து வையுங்கள், பணம் கட்டிய ரசீதையும் சேர்த்து. போட்டோவைக் காட்டி விமான நிலையத்தில் கடந்துவிட முடியாது. ஆனால் தேதியும் பேட்ச் எண்ணும் கையில் இருந்தால் அதே மையத்தின் பதிவேட்டில் உங்கள் பெயரைத் தேடுவது எளிது.

பெருந்தொற்று நடுவில் பயணம் என்றால்

மஞ்சள் அட்டை விதிகள் பல ஆண்டுகளாக நிலையானவை. புதிய தொற்று வரும்போது விதி வாரத்துக்கு வாரம் மாறும். அப்போது கவனிக்க வேண்டியது, கடிகாரம் எந்த நொடியில் ஓடத் தொடங்குகிறது என்பதை. கோவிட் காலத்தில் இந்தியா வர 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். கேட்டார்கள். இந்தியாவிலிருந்து துபாய் போக ஒரு கட்டத்தில் 48 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனையும், அதோடு புறப்படும் விமான நிலையத்திலேயே 6 மணி நேரத்துக்குள் ரேபிட் பி.சி.ஆர். ஒன்றும் வேண்டியிருந்தது. மணிக்கணக்கு, மாதிரி எடுத்த நேரத்திலிருந்து ஓடியது. ரிப்போர்ட் வந்த நேரத்திலிருந்து எண்ணியவர்கள் கவுன்டரில் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

எனவே ரிப்போர்ட்டில் மாதிரி எடுத்த தேதியோடு மணியும் அச்சாகியிருக்கிறதா, பாஸ்போர்ட் எண் இருக்கிறதா, க்யூ.ஆர். கோடு போனில் திறக்கிறதா என்று ஆய்வகத்திலேயே பாருங்கள். விமானம் சில மணி நேரம் தாமதமானாலும் கெடு தாண்டாதபடி மாதிரி கொடுங்கள். விதியை அந்த நாட்டு அரசின் தளத்திலும் விமான நிறுவனத்தின் தளத்திலும் டிக்கெட் எடுக்கும்போது ஒரு முறை, மாதிரி கொடுக்கும் முன் ஒரு முறை, கிளம்பும் நாள் காலையில் ஒரு முறை பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் விமான நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.