பழைய கச்சேரி கேசட்டைக் கணினியில் ஏற்றுகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

மயிலாப்பூர், மாம்பலம் வீட்டுப் பரண்களிலிருந்து கேசட்டுகள் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. சபாவில் மடியில் ரெக்கார்டரை வைத்துப் பதிந்தவை, வானொலியிலிருந்து பிடித்தவை. வாரிசுகள் அவற்றை எம்பி3 ஆக்கி ரசிகர் குழுக்களில் போடுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் புதிதாக இறங்குகிறவர்கள் எல்லாரும் அதே சில பள்ளங்களில்தான் விழுகிறார்கள்.

தம்புராவை இரைச்சல் என்று நினைத்து அழிப்பது

எரிச்சலூட்டுவது இதுதான், ஏனென்றால் செய்பவர் பெருமையோடு செய்கிறார். "ஹிஸ்ஸே இல்லாம சுத்தம் பண்ணிட்டேன்" என்று போடுவார் (ஹிஸ் என்பது டேப்பின் 'ஸ்ஸ்' இரைச்சல்). கீழே பத்துப் பேர் கைகூப்புவார்கள். கேட்டால் பாடகர் தண்ணீருக்குள் உட்கார்ந்து பாடுவது போலிருக்கும்.

நடப்பது இதுதான். இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு முதலில் 'வெறும் இரைச்சல்' உள்ள சில நொடிகளைக் காட்ட வேண்டும். பாட்டு தொடங்குமுன் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கச்சேரியில் அந்த இடம் மௌனமில்லையே! தம்புரா ஓடிக்கொண்டிருக்கிறது. ஸட்ஜம், பஞ்சமம், அவற்றின் மேல் எழும் அனுசுரங்கள் எல்லாம் இரைச்சல் கணக்கில் சேர்ந்துவிடும். பிறகு கச்சேரி முழுக்க அதே அதிர்வெண்களில் மெலிதாக ஒலிக்கும் எதையும் மென்பொருள் அமுக்கும். தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரம் போகும். மேல் ஸட்ஜத்தில் கார்வை, அதாவது நீட்டிப் பிடித்த சுரம், தேய்ந்து முடியும் இடம் பொசுக்கென்று அறுந்துவிடும். பாடகரை நிழலாகத் தொடரும் வயலின் விட்டுவிட்டுக் கேட்கும்.

மின்சார 'உம்' சத்தத்தை நீக்கும்போதும் இதே ஆபத்துதான். 50, 100, 150 ஹெர்ட்ஸை அகலமாக வெட்டுவார்கள். 1 கட்டை சுருதிக்கு (கட்டை என்பது சுருதியின் அளவு) சேர்த்த தம்புராவின் மந்திர பஞ்சமம், அதாவது கீழ்ப் பஞ்சமம், சுமார் 98 ஹெர்ட்ஸ். வெட்டில் அதுவும் போயிற்று.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. கைபட்ட பிரதியை 128 கிலோபிட் எம்பி3 ஆக்கி, மூலக் கோப்பை அழித்து, கேசட்டைக் காயலான் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அதன்பின் அந்தக் கச்சேரிக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது.

எனவே: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். 90 நிமிடக் கேசட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை ஜிபி வரும். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவமாக்கினால் கிட்டத்தட்டப் பாதி. அந்தக் கோப்பை யாரும் தொடக் கூடாது. சுத்தம் செய்தே தீர வேண்டுமென்றால் நகலில் செய்யுங்கள். மைக் மூடி, டேப் மட்டும் ஓடிய இடத்தை மாதிரியாக எடுங்கள். இரைச்சலை 6 டெசிபெலுக்கு மேல் குறைக்காதீர்கள். கொஞ்சம் ஹிஸ் இருந்தால் காது ஐந்து நிமிடத்தில் பழகிக்கொள்ளும்.

ஆலாபனையை வைத்து லெவல் வைப்பது

தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வரும்போது ஒலி உடையும். முதலில் தனியை ஓட்டி, அதன் உச்சம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாதபடி வையுங்கள்.

டேப்பைப் படிக்கும் ஹெட்டைத் துடைக்காமல் ஓட்டுவது

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி. ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்பு.

ஹெட்போன் துளையிலிருந்து எடுப்பது

வேண்டாம். டெக்கின் 'லைன் அவுட்' துளையிலிருந்து எடுங்கள்.

சுருதியைச் சரிபார்க்காமல் விடுவது

கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். பழைய ரெக்கார்டர்கள் அப்படி ஓடியதில்லை. பாட்டரி இறங்கினால் கேட்கவே வேண்டாம். வேகம் 6 சதவீதம் பிசகினால் அரைக் கட்டை மாறிவிடும். பதியும்போது மெதுவாக ஓடிய டேப், நல்ல டெக்கில் வேகமாகப் பாடும். 1 கட்டைப் பாடகர் ஒன்றரையில் ஒலிப்பார், "அந்த வயசுல என்ன சாரீரம்!" என்று குழுவே வியக்கும். மிருதங்கமும் வயலினும் சேர்ந்தே ஏறுவதால் அவற்றை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதே காலத்து வேறு இரண்டு பதிவுகளோடு ஒப்பிடுங்கள். வயதானபின் சுருதி இறக்கிக்கொண்டவர்களும் உண்டு. திருத்தும்போது சுருதியை மட்டும் மாற்றும் வசதியைத் தொடாதீர்கள், வேகத்தை மாற்றுங்கள். அப்போதுதான் காலப்பிரமாணமும், அதாவது பாட்டின் நடைவேகமும், சரியாகும்.

அட்டையை நம்பிப் பெயர் வைப்பது

'1978 சீசன்' (மார்கழிக் கச்சேரிக் காலம்) என்று எழுதியிருந்தால் ஜனவரி 1979 ஆகவும் இருக்கலாம். வானொலிப் பதிவில் உள்ளது பெரும்பாலும் ஒலிபரப்பான தேதி, பாடிய தேதி அல்ல. ஒரே கேசட்டின் மேல் மறுபடி மறுபடி பதிந்தவர்களும் உண்டு. அட்டை மட்டும் பழையதாகவே இருக்கும். கோப்பின் பெயரில் ஆண்டு, பாடகர், இடம் என்ற வரிசை போதும். பக்கவாத்தியக்காரர்கள் பெயரைத் தனிக் குறிப்பில் எழுதுங்கள், முக்கியமாக கடம், கஞ்சிரா வாசித்தவர்களை. முதலில் தொலைவது அவர்கள் பெயர்தான். வயலின் யாரென்று தெரியாவிட்டால் கேள்விக்குறி போடுங்கள். பாணியை வைத்து ஊகித்து எழுதிய பெயர் மூன்றாவது கை மாறும்போது வரலாறு ஆகிவிடுகிறது.

கடையில் விற்ற கேசட்டையும் சேர்த்துப் பகிர்வது

இந்தியச் சட்டத்தில் வெளியான ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு உரிமை. கூடாது.